எச்சரிக்கை விளக்குப் பிரிவின் மேலான கவனத்திற்கு

அனுப்புநர்:
பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெட்ரோல் கார் ஒன்றின் முதல் மற்றும் ஒரே உரிமையாளர்,
திருச்சி.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
எச்சரிக்கை விளக்குப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனம்.
(நிறுவனத்தின் பெயரை எழுத இயலவில்லை. டிக்கி மேல் ஒட்டியிருந்த வெள்ளி எழுத்துகள் உதிர்ந்து கோந்துத் தடம் மட்டுமே மிச்சம்.)

பொருள்: டேஷ்போர்டில் எரியும் விளக்கு எதற்காக எரிகிறது எனத் தெரிவிக்கக் கோருதல் சார்பு.

பார்வை: உரிமையாளர் கையேடு, எல்லாப் பக்கங்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். குறையை மட்டும் எழுதிய மனு மேசையை விட்டு நகராது என்பது எங்கள் ஊர் அனுபவம். ஒரு கேள்விக்கு ஒரு பதில் எழுத யாராலும் முடியும். அத்தனை கேள்விக்கும் ஒரே பதிலை எழுதி, அதைத் தடித்த புத்தகமாக அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, கிளவ் பாக்ஸில் வைத்துக் கொடுக்க உங்கள் பிரிவால்தான் முடிந்திருக்கிறது. எஞ்சின் படம் மஞ்சளாக எரிகிறதா? அங்கீகரிக்கப்பட்ட பணிமனையை அணுகவும். ஏபிஎஸ் என்று எரிகிறதா? அணுகவும். பெல்ட் போட்ட ஆள் முன்னால் பந்து ஒன்று நிற்கும் படம் எரிகிறதா? கட்டாயம் அணுகவும். ஸ்டீயரிங் படத்துக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறியா? அணுகவும், ஆச்சரியத்தோடு.

என் விஷயம் எஞ்சின் படம். தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி தாண்டியதும் எரிந்தது. கார் நன்றாக இழுக்கிறது, ஏசி குளிர்கிறது, சத்தம் ஒன்றும் இல்லை. பின் இருக்கையில் இருந்த மாமனார்தான் முதலில் பார்த்தார். "மாப்ள, அது என்ன மஞ்சள்ல, நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி?" என்றார். எஞ்சின் என்றேன். "எஞ்சினுக்கு என்னவாம்?" என்றார். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோளாறு என்று ஒருவன் வந்து நின்றால் எந்த ஃபீடர், எந்தக் கம்பம் என்று சொல்லாமல் அவரிடமிருந்து தப்ப முடியாது. "அதை மட்டும் சொல்லாது மாமா" என்றேன். "அப்ப எதுக்கு எரியுது?" என்றார். இந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

அந்த நிமிடம் காருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை அறிந்தபோதுதான் உங்கள் அடக்கத்தின் ஆழம் எனக்குப் புரிந்தது. கோளாறு எந்த வகை என்று ஐந்தெழுத்தில் ஒரு குறி. அது நிகழ்ந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று, கூலன்ட் எவ்வளவு சூடு, சுமை எவ்வளவு, வண்டி எந்த வேகம் என்று ஒரு சம்பவ இட மகஜர். உங்கள் பாஷையில் ஃப்ரீஸ் ஃப்ரேம். எல்லாம் எழுதி நினைவில் பூட்டியாகிவிட்டது. அதுவும் பார்த்தவுடன் பதறி விளக்கைப் போடவில்லை. ஒரு பயணத்தில் சந்தேகம் என்று குறித்துக்கொண்டு, அடுத்த பயணத்திலும் அதே தப்பைக் கண்ட பிறகுதான் போட்டது. தொடர்ந்து மூன்று பயணம் தப்பு தென்படாவிட்டால் தானே அணைத்துக்கொள்ளுமாம். அப்போதும் பதிவேட்டிலிருந்து பெயர் போகாது, எஞ்சின் 40 தடவை சூடாகித் தணிந்த பிறகே போகும். இத்தனை நிதானமும் நடைமுறையும் உள்ள ஓர் அலுவலகத்தை எங்கள் மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. மனு கொடுக்கவும் தீர்ப்பு வாங்கவும் ஜன்னல் மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள்.

இந்த விளக்கை நீங்கள் ஆசைப்பட்டு வைக்கவில்லை என்பதும் தெரியும். புகையில் திணறிய கலிஃபோர்னியா மாநிலத்தின் காற்றுவள வாரியம்தான், 1988ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கார் தன் புகைக் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்றது. கம்பெனிக்கொரு பிளக், கம்பெனிக்கொரு குறி என்று சில காலம் ஓடியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் விற்கும் கார்களுக்கு ஒரே வடிவ 16 முள் சாக்கெட், ஒரே பொதுக்குறிகள். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். ஆக, சட்டத்தின் கவலை புகையைப் பற்றியது. அதனால்தான் பிரேக் பேட் தேய்ந்து டிஸ்க்கை அறுத்தாலும் எஞ்சின் விளக்கு அசையாது. அமெரிக்காவில் பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால், ஆவி வெளியேறுகிறது என்று அதே விளக்கு எரிந்துவிடும்.

அப்படிப் புகைக்காகவே பிறந்த விளக்கை எங்கள் ஊர்ப் புகைச் சான்றுக் கூடத்தில் எப்படி மதிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைலன்சருக்குள் குழாயை விட்டார்கள், நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார்கள், சான்று அச்சாகி வந்தது. உள்ளே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்ததை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை என்னைப் பணிமனையை அணுகச் சொல்லியிருப்பார்கள்.

குறியைக் காட்ட இடம் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். என் காரின் ஓடோமீட்டரில் ஆறு இலக்கம் தெரிகிறது. குறிக்குத் தேவை ஐந்து. ட்ரிப் ஏ, ட்ரிப் பி, சராசரி மைலேஜ், மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்கிற ஜோசியம் எல்லாவற்றுக்கும் அந்தத் திரையில் இடம் இருக்கிறது. என் காரின் குறியான 'பி0171'ஐப் போட மட்டும் கூச்சம். முடியாத காரியமும் இல்லை. கிரைஸ்லர் கார்கள் பலவற்றில் சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று விரைவாகத் திருப்பினால் ஓடோமீட்டரிலேயே குறி வந்து நின்றது. பழைய சுஸுகி, டொயோட்டா வண்டிகளில் சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால் இதே மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னி எண்ணைச் சொல்லிவிடும். ஸ்கேனரும் வேண்டாம், காபி மெஷின் வைத்த வரவேற்பறையும் வேண்டாம். காருக்குள் கம்ப்யூட்டர் கூடக் கூடத்தான் இந்த நாணமும் கூடியிருக்கிறது.

சரி, கையேடு சொன்னபடி அணுகினேன். ஜாப் கார்டு போட்டார்கள். சர்வீஸ் அட்வைசர் தம்பி ஸ்கேனரைச் சொருகினார். திரையை என் பக்கம் திருப்பவில்லை. "பி0171. ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். அவருடைய தர்க்கம் சுருக்கமானது. பி0171 என்றால் எரியும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். அதை வந்து சொன்னது புகைப் பாதையில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார். ஆகவே சென்சாரை மாற்று. புகார் கொடுத்தவனையே உள்ளே தள்ளும் முறை. பில் கட்டினேன், விளக்கு அணைந்திருந்தது. அணைத்தது புது சென்சார் அல்ல, ஸ்கேனரில் இருக்கும் 'க்ளியர்' பொத்தான் என்பது அடுத்த வாரமே தெரிந்தது, மறுபடி எரிந்தபோது. கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

அப்புறம் போனது பாலக்கரைப் பக்கம், வேப்பமரத்தடி ஷெட் ஒன்றுக்கு. அங்கே இருப்பவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். அவருடைய ஸ்கேனர், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கட்டை ஒன்று; கூடவே திரை கீறிய பழைய போன். குறியைப் படித்தார். அதே பி0171. "எரர் இருக்கட்டும் சார், ட்ரிம்மைப் பாப்போம்" என்று வேறு பக்கத்தைத் திறந்து, போனை என் கையிலேயே கொடுத்தார். எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்யூவல் ட்ரிம் என்ற இடத்தில் எண் இருபதைத் தாண்டி நின்றது. அதாவது கணக்குப்படி விட வேண்டிய பெட்ரோலைவிட இருபது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கம்ப்யூட்டர் விட்டுக்கொண்டிருக்கிறது, யாரிடமும் சொல்லாமல், என் செலவில். ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் நிறுத்தச் சொன்னார். எண் மளமளவென்று இறங்கி ஐந்துக்கு வந்தது. "பம்ப்பு வீக்கா இருந்தா ரேஸ் பண்றப்ப ஏறும். இது இறங்குது. எங்கயோ ஏர் இழுக்குது" என்றார்.

கார்புரேட்டர் கிளீனர் டப்பாவில் மெல்லிய சிவப்புக் குழாயைச் சொருகிக்கொண்டு, சூடான சைலன்சர் பக்கம் படாமல், இன்டேக் மேனிஃபோல்டின் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தார். முன்பக்கம் ஒன்றும் இல்லை. த்ராட்டில் பாடிக்குப் பின்னால், கை நுழையச் சிரமப்படும் இடத்தில், பிசிவி வால்விலிருந்து வரும் வளைந்த ரப்பர் குழாய். அங்கே அடித்ததும் எஞ்சின் சட்டென்று குரலை உயர்த்தி, உடனே தணிந்தது. மறுபடி அடித்தார், மறுபடி உயர்ந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, கிளிப்பைத் தளர்த்தி உருவி என்னிடம் கொடுத்தார். மேலிருந்து பார்த்தால் பழுதே இல்லை. வளைவின் அடிப்பக்கத்தை விரலால் மடக்கியபோதுதான் விரிசல் வாயைத் திறந்தது. வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்து இறுகிய ரப்பர். புதுக் குழாயின் விலை, முன்பு நான் கட்டிய பில்லின் ஜிஎஸ்டிக்குக்கூடக் காணாது.

அந்த சர்வீஸ் அட்வைசர் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். குறி வந்தால் பாகத்தை மாற்று என்றுதான் அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள். ட்ரிம் எண்ணை நின்று பார்க்கிற நேரத்துக்கு உங்கள் ஜாப் கார்டில் கட்டம் இல்லை.

மஞ்சளுக்கே இவ்வளவு புலம்பினால் சிவப்புக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எண்ணெய்க் கிண்டி போன்ற அந்தப் படம் எரிந்தால் ஆயில் குறைந்திருக்கிறது என்று ஊரே நம்புகிறது. அந்த விளக்கு ஆயிலின் அளவைப் பார்ப்பதே இல்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகுதான் எரிகிறது. பக்கத்து பங்க் வரை மெதுவாகப் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தவர்கள் எஞ்சினை இறக்கிப் பிரித்திருக்கிறார்கள். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணைப்பதைத் தவிர வேறு வழியில்லாத விளக்கு அது. அதற்கும் சீட் பெல்ட் விளக்குக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. என் மைத்துனரின் புது வண்டியில் முன் சீட்டில் அரிசி மூட்டையை வைத்தால், மூட்டைக்கு பெல்ட் போடச் சொல்லி பீப் அடித்துத் தெருவைக் கூட்டுகிறது. என் வண்டியில் ஆயில் விளக்குக்கு மௌனவிரதம்.

சூட்டைக் காட்டும் முள்ளையும் சிறு கார்கள் பலவற்றில் எடுத்துவிட்டு, நீலம், சிவப்பு என்று இரண்டு விளக்கில் கணக்கை முடித்துவிட்டீர்கள். முள் இருக்கிற கார்கள் பலவற்றிலும் அது நடுவிலேயே நிற்கும்படி பழக்கிவைத்திருக்கிறீர்கள். சூடு ஏறி இறங்குவதைப் பார்த்து வாடிக்கையாளர் மனம் கலங்கக்கூடாதாம். கூலன்ட் மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சார் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு, உள்ளே எஞ்சின் வேகும்போது 'சூடு இல்லை' என்று சாட்சி சொல்வதும் உண்டு.

பிரேக் விளக்கு இன்னொரு புதிர். கைப்பிரேக் இழுத்திருந்தாலும் அதே வட்டம், பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே வட்டம். ஆயில் குறைந்திருப்பதைக் கண்டு ஊற்றி நிரப்பிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் நிறைய. எங்கும் ஒழுகல் இல்லையென்றால் ஆயில் பெரும்பாலும் தொலையவில்லை. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்துக்கு இறங்கியிருக்கிறது. விளக்கு காட்டியது பேடின் ஆயுளை. ஊற்றி மறைத்தாகிவிட்டது. கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரேக்கைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம் என்று பொருள். இந்த ஒரு வரியைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எத்தனை பேருக்குப் பிரயோஜனம்! மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னினால் அர்த்தம் வேறு என்பதும் அப்படியே. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, உடனே காலை எடுக்காவிட்டால் பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய அந்த விலை உயர்ந்த பாகம் உருகும். நிலையாக எரிந்தால் வீடு போய்ச் சேரலாம், மின்னினால் கூடாது. உங்கள் பதில் இரண்டுக்கும் அணுகவும்.

வயதான காருக்கு என்று தனிப்பட்ட ஒரு காலைக்காட்சி உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் எஞ்சின், ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் எல்லாம் சேர்ந்து எரியும். வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பார்த்தால், கிழட்டுப் பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்றும் அந்த ஒரு நொடியில் வோல்ட்டேஜைக் கைவிட்டிருக்கும். பட்டினி கிடந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அடுத்தது பதில் சொல்லவில்லை என்று மொட்டைக் கடிதம் எழுதிவைத்திருக்கும். டெர்மினலில் பூத்த வெள்ளைத் தூளை வெந்நீர் ஊற்றிக் கழுவி, எர்த் வயரின் போல்ட்டைத் தேய்த்து இறுக்கினால் பாதி வழக்கு தள்ளுபடி. பேட்டரி படம் எரிந்ததற்காகப் பேட்டரியை மாற்றிவிட்டு, விழுப்புரத்தில் இருட்டில் நிற்பவர்களும் உண்டு. அது ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை என்கிற விளக்கு. ஏர்பேக் விளக்கு எரிந்தால், சீட்டுக்கு அடியில் உருண்ட தண்ணீர் பாட்டில் அங்கிருக்கும் மஞ்சள் கனெக்டரைத் தளர்த்தியிருக்கலாம். (பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் காத்திருக்காமல் அதில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம், உள்ளே வெடிமருந்து.) வயரைக் கடிக்கும் எலியைப் பற்றித் தனி மனுவே எழுதலாம். இந்த விளக்குப் படங்களுக்கென்று ஐஎஸ்ஓ 2575 என்று பன்னாட்டுத் தரம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். டேஷ்போர்டில் எலிப் படத்தை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவையும் மறைத்தால் அடுத்தவன் சும்மா இருப்பானா? பழைய கார் விற்கும் சிலர் விளக்கின் பல்பையே கழற்றிவிடுகிறார்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒரு முறை எரிந்து காட்ட வேண்டும்; எஞ்சின் படம் மட்டும் எரியவே இல்லையென்றால் அந்த வண்டிக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான். குறிகளை மூடி வைத்து நீங்கள் ஆரம்பித்த தொழிலை அவர்கள் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம். உதிரி பாகங்களும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும், தொழில்நுட்பத் தகவலும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தது குற்றம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தப் பதினான்கில் தாங்கள் உண்டா என்று நான் கேட்கப்போவதில்லை. எழுத்து உதிர்ந்த காரை வைத்துக்கொண்டு கேட்கவும் முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் ஓட்டுப் போட்டே கார் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் கேட்டார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்திருக்கிறது, அதில் கார்களும் சேர்த்தி. இருந்தும், குறியின் இரண்டாம் இடத்தில் 1 வந்தால் அது கம்பெனியின் சொந்தக் குறி. அந்த இடத்தில் பாயின் போன் கையை விரித்துவிடுகிறது.

புது மாடலில் பெரிய தொடுதிரை வைத்திருக்கிறீர்கள் என்று ஷோரூம் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் வணக்கம் சொல்கிறது. நிறம் நிறமாக விளக்கு மாறுகிறது. விற்பனைத் தம்பியிடம், எஞ்சின் விளக்கு எரிந்தால் இதில் என்ன வரும் என்று கேட்டேன். "டீலரை அணுகவும்னு வரும் சார், பெரிய எழுத்துல" என்றார் உற்சாகமாக.

பிறகு என் காரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மதிப்பிட ஓர் ஆளை அனுப்பினார். அவர் டயரை உதைக்கவில்லை, பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கவில்லை. நேராக ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து ஸ்கேனரைச் சொருகினார். சற்று நேரத்தில் அச்சிட்ட தாள் ஒன்று கையில் இருந்தது. நினைவில் கிடந்த குறிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே தெளிவான விளக்கம், அதற்கும் எதிரே விலையில் கழிக்க வேண்டிய தொகை. இத்தனை ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருந்த அதே தாள். பேரம் படியவில்லை. அந்தத் தாளையாவது கொடுங்கள் என்றேன். "அது இன்டர்னல் ரிப்போர்ட் சார், வெளிய தர மாட்டோம்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தங்கள் நிறுவனம் தனியார் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வழியில்லை. எனவே மேற்படி தாளின் நகல் ஒன்றை, கழிக்கப்பட்ட தொகைகளை வேண்டுமானால் கறுப்பு மை தடவி மறைத்துவிட்டு, மேற்கண்ட முகவரிக்கு அனுப்பிவைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூரியர் கட்டணத்தை நானே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வாடிக்கையாளர்

நகல்: பாய், பாலக்கரை (தகவலுக்காக).